மட்கு உரமும் அதன் சாறும்: அவசரத்தால் நேரும் தவறுகள்

குப்பை உரம் அடித்தும் பயிர் வெளுத்துவிட்டது என்று வருந்துகிற உழவர்களிடம் சற்று விசாரித்தால், பெரும்பாலும் அந்தக் குப்பை மட்கி முடிவதற்குள் வயலுக்குப் போயிருப்பது தெரியவரும். வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை நார்க்கழிவு போன்றவற்றில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கும் மேல் கரிமம் இருக்கும். இவை அரைகுறையாக மட்கிய நிலையில் மண்ணில் சேர்ந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் தாம் பெருகுவதற்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பயிருக்குக் கிடைக்க வேண்டிய சத்து சில வாரங்களுக்கு அவற்றின் உடலிலேயே முடங்கிவிடுவதால் இளம் பயிர் மஞ்சளாகிறது. கரிம, தழைச்சத்து விகிதம் 20:1-க்குக் கீழே இறங்கிய உரத்தில் இந்த ஆபத்து இல்லை. நகரக் கழிவு உரத்துக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை விதித்துள்ள வரம்பும் இதுதான்.

ஆய்வகத்துக்குப் போகாமலும் முதிர்ச்சியை ஓரளவு அறியலாம். இரண்டு கைப்பிடி உரத்தை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, நிழலில் மூன்று நாள் வைத்துப் பிரித்து முகர்ந்து பார்க்க வேண்டும். அம்மோனியா நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால் அது இன்னும் ஆறவில்லை. புதுமழை பட்ட மண்ணின் வாசம் வந்தால் நம்பி எடுக்கலாம். குவியலைக் கிளறி ஈரப்படுத்திய சில நாட்களில் உட்பகுதி மீண்டும் சூடேறினாலும் மட்கும் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அந்தச் சூடு தொடக்கத்தில் கட்டாயம் தேவை. குவியல் சில நாட்களாவது 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருந்தால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெருமளவு மடியும். நடுப்பகுதி மட்டுமே சூடேறும் என்பதால், ஓரத்தில் கிடப்பதை உள்ளே தள்ளிப் பல முறை கிளறிவிட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பார்த்தீனியத்தைத் தம் கையாலேயே வயலில் விதைத்துக்கொள்கிறார்கள். சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலும் விதைகள் உயிரோடுதான் வெளிவருகின்றன. தென்னந்தோப்புக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: பல மாதங்கள் கிளறாமல் கிடக்கும் எருக்குழிதான் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்பும் இடம்.

நல்ல உரத்தையும் வயலுக்குள் கொண்டுபோன பிறகு வீணாக்குவது நம் ஊர்களில் சாதாரணமாகக் காணக்கூடியது. கோடையில் வண்டி வண்டியாக அடித்து, சிறு சிறு குவியல்களாகக் கொட்டி, உழவுக்கு மழை வரட்டும் என்று வெயிலிலேயே விட்டுவிடுகிறார்கள். தொழு உரத்தில் அம்மோனியாவாக இருக்கும் தழைச்சத்து ஆவியாகிப் போகிறது. மேல்பகுதி காய்ந்து உயிரற்றுப் போகிறது. இடையில் ஒரு மழை பெய்தால் கரையும் சத்து குவியலின் அடிமண்ணிலேயே இறங்கிவிடுகிறது. பின்னர் பயிர் எழும்போது குவியல் இருந்த இடங்கள் மட்டும் கரும்பச்சைத் திட்டுகளாகத் தெரிவது இதனால்தான். கொட்டிய அன்றே பரப்பி, மண்ணோடு கலந்துவிடுவதே முறை.

அளவிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் பல பயிர்களுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், அதாவது ஏக்கருக்கு 5 டன், பரிந்துரைக்கப்படுகிறது. காய்கறிப் பாத்திகளில் இதைப் போலப் பல மடங்கை ஆண்டுதோறும் இட்டால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உப்பும் மண்ணில் தேங்கும். ஏற்கெனவே உப்பு நீர் பாயும் நிலங்களில் இது கூடவே கூடாது.

இனி உரச்சாறு, அதாவது மட்கு உரத்தை நீரில் அலசியோ ஊறவைத்தோ எடுக்கும் சாறு. இதைப் பற்றிய மிகப் பெரிய தவறு, இதை உரத்துக்கு மாற்றாக நினைப்பது. 1 சதவீதத் தழைச்சத்துள்ள 10 கிலோ உரத்தை நூறு லிட்டர் நீரில் அலசினால், அத்தனையும் கரைந்தாலும் கிடைப்பது 100 கிராம் தழைச்சத்து. கால் கிலோவுக்கும் குறைவான யூரியாவில் அது இருக்கிறது. சாறு கொண்டுசேர்ப்பது முக்கியமாக நுண்ணுயிரிகளையும் சிறிதளவு மட்கையும்தான். அவை தங்கி வாழக் கரிமம் இல்லாத மண்ணில் அவற்றை ஊற்றி அதிகப் பயன் இல்லை. ஆகவே சாறு, மட்கு உரம் இட்ட நிலத்துக்கே துணையாகும். இலையில் தெளித்தால் நோய் நிற்கும் என்று உறுதி சொல்பவர்களை நான் ஏற்பதில்லை, ஏனெனில் இது குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன.

சாற்றில் வெல்லப்பாகு சேர்ப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. உரம் சரியாகச் சூடேறி மட்காமல் சாணக் கிருமிகள் அதில் மிஞ்சியிருந்தால், இனிப்பு அவற்றையும் சேர்த்துப் பெருக்கும். பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரி, கொத்தமல்லி ஆகியவற்றின் மீது அத்தகைய சாற்றைத் தெளிப்பது உண்பவரின் உடல்நலத்தோடு விளையாடுவதாகும். வெல்லம் சேர்க்காமல் அலசி எடுத்த சாற்றை அன்றே வேர்ப்பகுதியில் ஊற்றுவது பாதுகாப்பானது. காற்றூட்டி ஊறவைத்த சாறாக இருந்தால், காற்றை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மூடிய டிரம்மில் மறுநாள் வரை வைத்து நாற்றமடித்தால் அதைப் பயிருக்கு ஊற்றவே கூடாது.

குளோரின் கலந்த குழாய் நீர், உச்சி வெயில், போர்டோ கலவை போன்ற தாமிர மருந்து தெளித்த தெளிப்பானைக் கழுவாமல் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் சாற்றிலுள்ள உயிர்களைக் கொல்பவை. சொட்டுநீரில் விடுவோர் இரண்டு முறையாவது மெல்லிய துணியில் வடிகட்டி, விட்டு முடித்ததும் கால் மணி நேரம் வெறும் நீரை ஓட்டி, பக்கக்குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து கசடை வெளியேற்றிவிட வேண்டும்.