‘மட்டிப்பழம்’ என்றால் கையை எடுத்துவிட வேண்டும்

நாகர்கோவிலில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் கணவன்மார் சிலர், அங்கே தனிமையில் போனில் பார்த்த, படுக்கையில் ஒருவரைக் கட்டிப்போடும் பாலியல் வீடியோக்களை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மனைவியிடம் கேட்கக் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த ஆசை தனக்கே இருந்தும், சொன்னால் கணவர் என்ன நினைப்பாரோ என்று மறைத்து வைத்திருந்த மனைவியரும் வருகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படங்கள். அது ஒரு தொழில். சான் பிரான்சிஸ்கோவில் கிங்க் டாட் காம் நிறுவனம் 2006இல் பழைய ஆயுதக் கிடங்குக் கட்டடம் ஒன்றையே விலைக்கு வாங்கி ஸ்டூடியோ நடத்தியது. அவ்வளவு பணம் அதில் புழங்கியது. நடிப்பவர் எதற்குச் சம்மதம், எது கூடாது என்று முன்கூட்டியே பேசி வைப்பதும், படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும் பேட்டி எடுத்துப் படத்தோடு சேர்ப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. போனுக்குப் போன் சுற்றுகிற துண்டு வீடியோவில் அந்தப் பேச்சு இருக்காது. நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

“இது மனநோயா?” என்று கேட்பார்கள். இல்லை. வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்வது, அவர்களுக்கும் அதனால் மனவேதனை இல்லை என்றால், 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதைக் கோளாறாகக் கணக்கிடவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும், சம்மதிக்காதவர் மீது காட்டும் கொடுமைதான் நோயாக இருக்கிறது. நாள் முழுக்க வீடு, கடன், பிள்ளைகள் என்று எல்லா முடிவையும் தலையில் சுமக்கிறவருக்கு, அரைமணி நேரம் எதையும் முடிவு செய்யாமல் இருப்பதே பெரிய ஆறுதலாக இருக்கும். ஆனால் நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருந்தால்தான் அது ஆறுதல்.

சரி, எப்படித் தொடங்குவது? படுக்கையில் பேசாதீர்கள். பகலில், சங்குத்துறைக் கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டே பேசுங்கள். அப்புறம் ஆளுக்கொரு தாள் எடுத்து, ‘சரி’, ‘யோசிக்கலாம்’, ‘வேண்டவே வேண்டாம்’ என்று மூன்று பத்தியாகத் தனித்தனியே எழுதுங்கள். இருவர் தாளிலும் ‘சரி’யில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேண்டாம்’ என்றதற்குக் காரணம் கேட்கக் கூடாது, பேரம் பேசவும் கூடாது. “இன்னும் இருபது நாளில் திரும்பிப் போயிடுவாரே, பாவம்” என்று தலையாட்டுவது சம்மதம் ஆகாது. அந்த இடத்தில் கணவர்தான் நிதானிக்க வேண்டும்.

நிறுத்தச் சொல்ல ஒரு சொல் வேண்டும். விளையாட்டில் ‘விடு’, ‘வேண்டாம்’ என்பதெல்லாம் பொய்யாகவும் வாயில் வரும். அந்த நேரத்தில் தற்செயலாக வராத சொல்லாகப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு ஜோடி ‘மட்டிப்பழம்’ என்று வைத்துக்கொண்டது. அது காதில் விழுந்த உடனே எல்லாம் நிற்க வேண்டும், கோபமோ முகச்சுளிப்போ இல்லாமல். வாய் பேச முடியாத நிலை என்றால், கையில் சாவிக்கொத்தைக் கொடுங்கள். அது கீழே விழுந்தால் அதே அர்த்தம்.

கயிறு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் அசட்டுத் துணிச்சல் காட்டுகிறார்கள். குளச்சல் பக்கம் வலைக்குப் பயன்படும் நைலான் கயிறு தோலை அறுக்கும். இழுத்தால் முடிச்சு இறுகிக்கொண்டே போகும். தேங்காய் நார்க் கயிறு உராய்ந்து புண்ணாக்கும். அகலமான பருத்தித் துணி போதும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம், மேல்கையின் வெளிப்பக்கம் இரண்டிலும் நரம்பு மேலாக ஓடுகிறது, அங்கே அழுத்தம் வேண்டாம். விரல் மரத்தாலோ, சுருக்கென்று குத்தினாலோ, குளிர்ந்தாலோ ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லாமல் அவிழ்த்துவிடுங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிச்சு இறுகினால் வெட்டத் தயங்காதீர்கள். கட்டிப்போட்டவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விட்டுப் போகக் கூடாது. குடித்திருந்தால் அன்றைக்கு எதுவுமே வேண்டாம்.

கழுத்தில் கையோ கயிறோ படவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் பத்து விநாடியிலேயே நினைவு தப்பலாம். அதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. படத்தில் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முடிந்ததும் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். போர்வை, தண்ணீர், ஒரு கருப்பட்டிக் காப்பி, கொஞ்ச நேரம் அணைத்துக்கொண்டு பேச்சு. உடம்பில் ஏறிய வேகம் இறங்கும்போது சிலருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ காரணமில்லாமல் அழுகை வரும். அதனால் இரண்டு நாள் கழித்தும் “எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். வெளியூரில் இருந்தால் போனிலாவது கேளுங்கள்.

வீடியோ மட்டும் எடுக்காதீர்கள். போன் ரிப்பேர் கடைக்குப் போனாலே போதும், வெளியே போய்விடும். யாராவது அதை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நிறுத்தச் சொல்லியும் கணவர் நிறுத்தவில்லை என்றால் அது வன்முறை. பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம், நேரமும் காலமும் பார்க்க வேண்டாம்.