ஊசியில் கை வைக்கும் முன்: க்ளோ இன்ஜின் டியூனிங்

மன்னார்குடிப் பக்கம் ஒரு தரிசு வயலில், போன சித்திரையில், ஒரு சாயங்காலம் முழுக்க, என் மாடல் விமான இன்ஜினின் ஊசியை (கார்புரேட்டரில் ஃப்யூலைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகியே வீணாக்கினேன். 46 சைஸ் க்ளோ இன்ஜின், அதாவது 7.5 சிசி. ஸ்டார்ட் ஆகும், ஃபுல் த்ராட்டிலில் பத்து நொடி பாடும், அப்புறம் குரல் மெலிந்து நின்றுவிடும். ஊசியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பக்கத்துக் கொல்லையில் ஆயில் இன்ஜின் பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காத்து இழுக்குதுப்பா. ட்யூப்பப் பாரு."

பார்த்தேன். கார்புரேட்டருக்குப் போகும் சிலிகான் ட்யூப்பில் கடுகு கடுகாகக் குமிழி ஓடியது. டேங்குக்குள்ளே, உறிஞ்சும் குண்டு மாட்டியிருந்த இடத்தில் ட்யூப் கீறியிருந்தது. இரண்டு அங்குலம் புது ட்யூப் போட்டதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து என் வரிசை இதுதான்: ஃப்யூல், பிளக், ட்யூப். ஊசி கடைசியில்.

1. முதலில் ஃப்யூல்

க்ளோ ஃப்யூல் என்பது மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய் கலந்தது. நைட்ரோ 5 முதல் 15 சதவீதம் போதும். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? டீசலில் தண்ணீர் கலந்தால் அடியில் தங்கும், கண்ணால் பார்க்கலாம். மெத்தனாலில் அப்படியே கரைந்துவிடும், தெரியாது. ஐப்பசி மழையில் மூடி லூசாகக் கிடந்த கேனை நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் புதுக் கேன் திறந்து போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கள்ளச்சாராயச் செய்திகளில் வருகிற அதே மெத்தனால்தான் இது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பகல் வெயிலில் இதன் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

2. பிளக்

க்ளோ பிளக்கைக் கழற்றி, இக்னைட்டரில் (அதன் சுருளைச் சூடாக்கும் சின்ன பேட்டரி) மாட்டி, குறடால் பிடித்துப் பாருங்கள். கம்பிச்சுருள் முழுவதும் நல்ல ஆரஞ்சாக எரிய வேண்டும். பாதி மட்டும் சிவந்தாலோ, சுருள் நெளிந்திருந்தாலோ, மேலே சாம்பல் பூத்தாற்போல் இருந்தாலோ தூக்கிப் போடுங்கள். இக்னைட்டர் ஏறக்குறைய 1.5 வோல்ட். பைக் பேட்டரியை நேராகக் கொடுத்தால் பிளக் அந்த நொடியே போய்விடும். கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்திருக்கிறேன்.

ஓடத் தொடங்கியபின் இக்னைட்டரை எடுத்துவிடலாம். சுருளில் இருக்கும் பிளாட்டினமும் மெத்தனால் ஆவியும் சேர்ந்து, எரியும் சூட்டோடு, அதைக் கனலாகவே வைத்திருக்கும். எடுத்ததும் இன்ஜின் தொய்ந்தால் பிளக் சோர்ந்திருக்கிறது, இல்லை கலவை ரிச், அதாவது ஃப்யூல் அதிகம்.

3. டேங்க், ட்யூப்

டேங்கின் நடுமட்டம் ஊசி மட்டத்துக்குச் சமமாக, அல்லது ஒரு விரல்கடை கீழே இருக்கலாம். சைலன்சரிலிருந்து டேங்குக்கு வரும் ப்ரஷர் ட்யூப் கழன்றிருக்கிறதா பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ கீறல்.

இங்கே ஒரு தனி ஆபத்து, புழுதி. இந்தச் சின்ன இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் கிடையாது. சித்திரை வெயிலில் வெடித்த களிமண் வயலில் ப்ராப் (முன்னால் சுழலும் விசிறி) கிளப்பும் தூசி நேராகக் கார்புரேட்டருக்குள் போகும். தார்ப்பாய் விரித்து, சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தை அறுப்பு முடிந்த வயலெல்லாம் தரிசு என்று இறங்கிவிடாதீர்கள். உளுந்தோ பயறோ முளைத்திருக்கும், கேட்டுக்கொண்டு இறங்குங்கள். உளுந்து எடுத்தபின், மேட்டூர் தண்ணீர் வரும் வரை நமக்குக் காலம்.

4. இப்போது ஊசி

ஊசியை முழுக்க மூடி, கையேட்டில் சொன்னபடி திறங்கள். பெரும்பாலும் இரண்டு சுற்றுக்குப் பக்கம். இக்னைட்டர் மாட்டாமல் கார்புரேட்டர் வாயை விரலால் அடைத்து, ஃப்யூல் ட்யூப்பில் ஏறும் வரை ப்ராப்பைச் சுற்றுங்கள். இறுகி நின்றால் பலவந்தம் வேண்டாம்: உள்ளே ஃப்யூல் நிரம்பியிருக்கிறது, பிளக்கைக் கழற்றி வடியுங்கள்.

ஓடியதும் ப்ராப்புக்குப் பின்னால் வந்துவிடுங்கள். ஊசியைத் திருகுவது எப்போதும் பின்னாலிருந்துதான். ஃபுல் த்ராட்டில் கொடுத்துக் காது கொடுங்கள். ரிச்சாக இருந்தால் தட்டித் தட்டி, புகை கக்கி ஓடும். ஒவ்வொரு க்ளிக்காக மூட, ஓரிடத்தில் தட்டல் மறைந்து ஒரே சீரான ரீங்காரமாக மாறும். இன்னும் மூடினால் உச்சம், அதற்கும் மேலே தொய்வு. உச்சத்தில் விடக் கூடாது. அங்கிருந்து 200, 300 ஆர்பிஎம் குறையும் அளவுக்குத் திறந்து வையுங்கள்.

பிறகு விமானத்தை ஒருவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, மூக்கை வானம் பார்க்கத் தூக்குங்கள். பத்து நொடியில் சத்தம் தொய்ந்தால் லீன், அதாவது ஃப்யூல் போதவில்லை; இரண்டு க்ளிக் திறங்கள். மதிய வெயிலில் டியூன் செய்தது மறுநாள் விடியற்காலைக் குளிரில் லீனாகும். காற்று அடர்த்தியாகிவிடுகிறது. அப்போதும் கொஞ்சம் திறக்க வேண்டும்.

5. ஸ்லோ

ஃபுல் த்ராட்டில் சரியான பிறகே இந்தக் குறைந்த வேக ஓட்டத்தைத் தொடுங்கள். ஸ்லோவில் ஓடும்போது ட்யூப்பைக் கிள்ளிப் பிடியுங்கள். லேசாக வேகமெடுத்து இரண்டு மூன்று நொடியில் நின்றால் நன்று. உடனே செத்தால் லீன், ரொம்ப நேரம் வேகமெடுத்துக்கொண்டே போனால் ரிச். இரண்டாவது ஊசி உள்ள மாடலில் மூடினால் லீன். காற்றுத் துளைத் திருகு உள்ள மாடலில் திறந்தால் லீன். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

முடிந்ததும் ட்யூப்பைக் கிள்ளி, மிச்ச ஃப்யூலை எரித்து நிறுத்துங்கள். பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் ஆஃப்டர்ரன் ஆயில் (ஓட்டி முடித்தபின் துருப் பிடிக்காமல் விடும் எண்ணெய்) நாலு சொட்டு விட்டு, கையால் ப்ராப்பைச் சுற்றுங்கள். இதைத் தவறவிட்ட என் பழைய 25 சைஸ் இன்ஜினை ஒரு கார்த்திகை கழித்துத் திறந்தபோது பேரிங் குண்டுகள் மிளகு மாதிரி கறுத்திருந்தன.