மண்ணெண்ணெயில் ஓடிய லாண்ட் றோவர் எஞ்சினை மீளக் கட்டும் முறை

வன்னியில் இன்று ஒரு பழைய லாண்ட் றோவரை வாங்குபவர் அது எத்தனை மைல் ஓடியது என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை; எதைக் குடித்து ஓடியது, எத்தனை மாரிக்கு நனைந்து நின்றது என்பவற்றையே கேட்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாகிவிட, சிறிதளவு பெற்றோலைக் காபுரேட்டருக்குள் விட்டுக் கிளப்பிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டுவது இங்கு வழக்கமாக இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் இறங்கி, அங்குள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்துவிடும். ஆகவே அக்காலத்தைக் கடந்து வந்த எஞ்சின்களில், ஓடிய தூரத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் போரும் (சிலிண்டரின் உள்துளை) பெயாரிங் ஷெல்களும் தேய்ந்தும், பிஸ்டன் தலையில் கரி கட்டியும், றிங்குகள் தம் பள்ளங்களில் ஒட்டியும் இருப்பதைக் காணலாம். வெளியே பூச்சு மினுங்குவதை நம்பி உதிரிப்பாகங்களுக்கு முற்பணம் கட்டாமல், கழற்றி அளந்த பிறகே காசை வெளியே எடுப்பது நல்லது.

இங்கே விளக்கப்படுவது 1958இல் சீரிஸ் 2 வண்டியுடன் வந்து, 1961இன் சீரிஸ் 2ஏ, 1971இன் சீரிஸ் 3 ஆகியவற்றிலும் தொடர்ந்த 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் ஆகும். இதன் கொள்ளளவு 2286 கன சென்ரிமீற்றர், போர் 90.47 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம்) 88.9 மில்லிமீற்றர். 1980 வரை வந்தவற்றில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை மூன்று மெயின் பெயாரிங்குகளும், அதன் பின் வந்தவற்றில் ஐந்தும் தாங்குகின்றன. இவ்விரண்டின் கிராங்கும், சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலான புளொக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்பதால், எது உங்களிடம் இருக்கிறது என்பதை உதிரிப்பாகம் தேடுமுன்னரே உறுதிசெய்ய வேண்டும்.

வண்டியை இறக்குமுன்

பற்றைக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் வண்டியானால், அந்த நிலம் மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாதவரை அருகே போகக்கூடாது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. எஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இடம்பெயர்வில் புத்தகம் தொலைந்த வண்டிகள் பல உள்ளதால், இந்த வேலையைப் பின்போடாமல் முதலிலேயே முடித்துவிடுவது நன்று.

நீண்டகாலம் நின்ற எஞ்சின் இறுகியிருந்தால், கியரில் போட்டு உழவு இயந்திரத்தால் இழுத்து விடுவிக்க முயல்வது நம்மவர் பலர் செய்யும் தவறு. துருவால் ஒட்டிய பிஸ்டன் அசையுமுன் பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கொனெக்ரிங் றொட் வளைந்துவிடலாம். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, கிராங் கப்பியை ஸ்பானரால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் அப்படியே விட்டு, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிய பிறகு மேலிருந்து கவனிக்கலாம்.

எஞ்சினை வெளியே எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பொனற், றேடியேற்றருடன் முன் தட்டு, கால்வைக்கும் தளம், கியர்பெட்டி மூடி ஆகியவற்றைக் கழற்றினால் வழி திறந்துவிடும். எஞ்சினைத் தூக்கும் செயின் புளொக்கை வேப்பங்கிளையில் தொங்கவிடும் பழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். வேம்பு சொல்லாமல் முறியும். முதிரை வளை போட்ட கொட்டிலோ இரும்புத் தாங்கியோ தேவை. சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் திறந்த கொட்டிலில் எஞ்சினைப் பிரிப்பதையும் தவிருங்கள்.

பிரித்தலும் அளத்தலும்

பிரிக்கும்போது ஒவ்வொரு பாகமும் தான் இருந்த இடத்துக்கே, தான் இருந்த திசையிலேயே திரும்பிப் போக வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளுங்கள். மெயின் பெயாரிங் மூடிகளையும் றொட் மூடிகளையும் இடம் மாற்றிப் போடுவது எஞ்சினைக் கெடுப்பதற்குச் சமம், ஏனெனில் அவை தத்தம் இடத்தில் பூட்டப்பட்ட நிலையிலேயே கடையப்பட்டவை. வால்வுகளைத் திறக்கத் தள்ளும் புஷ் றொட்டுகளை ஓர் அட்டையில் எட்டுத் துளையிட்டு வரிசையாகக் குத்தி வைக்கலாம். வால்வுகளை இயக்கும் கம் தண்டின் மேல் நின்று புஷ் றொட்டுகளைத் தூக்கும் தப்பெற்றுகள் இந்த எஞ்சினில் உருளை பூட்டியவை. அவற்றின் வழிகாட்டிகளை ஒவ்வொரு போல்ட் பிடித்திருக்கும், அந்தப் போல்ட்டுகளைக் கம்பி கட்டி இறுக்கியிருப்பார்கள். கம்பியை வெட்டி, போல்ட்டை எடுத்து, உருளைகளையும் மேலே தூக்கிய பின்னரே கம் தண்டை வெளியே இழுக்க வேண்டும். இதை அறியாமல் இழுத்தவர்கள் உடைத்த பாகங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று என் கையாலேயே உடைந்தது.

புளொக்கைக் கழுவும்போது பக்கத்திலுள்ள வட்டத் தகட்டு அடைப்புகளையும் ஒயில் வழிகளின் முனை அடைப்புகளையும் எடுத்துவிடுங்கள். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும்; அதே படிவு நீர்ச்சட்டைக்குள் துருவுடன் சேர்ந்து, குறிப்பாகப் பின்பக்கம் நாலாம் சிலிண்டரைச் சுற்றி, களியாக இறுகியிருக்கும். வளைந்த கம்பியால் சுரண்டி, அமுக்கத் தண்ணீரால் அடித்து, தெளிந்த நீர் வரும்வரை விடக்கூடாது. பின்னர் வண்டி ஓடும்போது கொதிக்கிறது என்று றேடியேற்றரைக் குறை கூறுபவர்கள் பலர் இந்த வேலையைத் தவிர்த்தவர்களே.

இனி அளவு. போரை மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழேயும், நடுவிலும், அடியிலும், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து எழுதுங்கள். மேலுக்கும் கீழுக்கும் இடையே வித்தியாசம் 0.25 மில்லிமீற்றரை எட்டினால், றிங்கை மட்டும் மாற்றுவது பணத்தை மண்ணில் போடுவதாகும். போர் அடிக்கத்தான் (சிலிண்டரைப் பெரிதாகக் கடையத்தான்) வேண்டும். பிஸ்டன்கள் 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் கூடுதலாகக் கிடைக்கின்றன. லேத் பட்டறையில் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று கேட்பார்கள். ஏற்கெனவே நாற்பதுக்குப் போன புளொக்கென்றால் லைனர் (போருக்குள் இறக்கும் புதிய உறை) அடிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். கிராங்கின் மெயின் கழுத்துகள் புதிதில் 63.5 மில்லிமீற்றர், றொட் கழுத்துகள் ஏறத்தாழ 58.7 மில்லிமீற்றர்; அவற்றையும் இரு குறுக்குகளில் அளந்து நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளதா என்று பாருங்கள்.

போர் அடிக்கவும் கிராங் கடையவும் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டு செல்ல நேரிடும். புதிய பிஸ்டன்கள் கையில் வந்த பின்னரே புளொக்கைக் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கடைய வேண்டும். ஒருமுறை பிஸ்டன் வந்து சேருமுன்னரே அளவைச் சொல்லிப் புளொக்கைக் கடையக் கொடுத்துவிட்டேன். பிறகு வந்த பிஸ்டன் அந்தப் போரில் தளர்வாக ஆடியதால், அடுத்த கூடுதல் அளவுக்குப் போய் இரட்டைச் செலவு செய்தேன்.

பூட்டுதல்

பட்டறையிலிருந்து வந்த புளொக்கைப் பெற்றோலால் துடைத்தால் போதாது. சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுத் தேய்த்து, பழைய வெள்ளை வேட்டித் துணியால் போரைத் துடைக்கும்போது துணியில் சாம்பல்நிறம் ஒட்டாத நிலை வரவேண்டும், உடனே ஒயிலும் தடவவேண்டும். மாரிக்காலக் காற்றில் ஓரிரவுக்குள் துரு பிடித்துவிடும்.

கிராங்கை வைத்துப் பூட்டிய பின் முன்பின் அசைவு 0.05 முதல் 0.15 மில்லிமீற்றருக்குள் நிற்கவேண்டும். பின்பக்க மெயின் மூடியின் இரு பக்கங்களிலும் பதியும் நெடிய அடைப்புகளை அவசரமாகத் தட்டி இறக்கினால் அவை சுருண்டு, பின்னர் கிளச்சுப் பக்கம் ஒயில் ஒழுகும். ஒயில் தடவி, மெல்ல, நேராக இறக்குங்கள். றிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன் போருக்குள் தனியாக வைத்து, முனை இடைவெளி 0.38 முதல் 0.50 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று இடைவெளி அளக்கும் தகட்டால் பாருங்கள்.

ஹெட்டின் அடிப்பரப்பை நேர்கோலால் சோதித்து, வால்வு வழிகாட்டிகளின் ஆட்டத்தைப் பார்த்து, வால்வுகளை அரைத்துப் பூட்டுங்கள். ஹெட்டின் பெரிய போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், 65 றாத்தல்-அடி வரை இறுக்க வேண்டும். முதல் முறை சூடாகி ஆறிய பிறகு மீண்டும் அதே அளவுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரைமிங் செயினே பலரையும் குழப்புவது. மற்ற எஞ்சின்களைப் போல இரு பற்சில்லுகளின் புள்ளிகளை நேராக்கினால் போதும் என்று எண்ணிப் பூட்டிவிடுகிறார்கள். இதில் கிராங்கின் பின்முனையிலுள்ள பிளைவீலில் ரீ.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறியுடன் ஈ.பி. என்ற குறியும் வெட்டப்பட்டிருக்கும். முதலாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும் உச்சத்தைக் குறிப்பது அது. எனவே ஹெட்டைப் பூட்டி, அந்த வால்வின் இடைவெளியைச் சரியாக வைத்து, டயல் கேஜால் உச்சத்தைக் கண்டு கம் தண்டை அங்கே நிறுத்தி, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பி ஈ.பி. குறியைச் சுட்டிக்கு நேராக்குங்கள். தடை தெரிந்தால் அழுத்தாதீர்கள். பின்னர் இழுக்கும் பக்கம் தளர்வில்லாதபடி செயினைப் போடுங்கள். கம் பற்சில்லில் சாவிப் பள்ளங்கள் பல இருப்பது, எந்தப் பள்ளத்தில் செயின் தளர்வின்றி உட்காருகிறதோ அதைத் தேர்வதற்கே.

வால்வு இடைவெளி உள்ளுக்கும் வெளியுக்கும் ஒன்றே: 0.25 மில்லிமீற்றர். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும் என, கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி சரிசெய்யலாம். தீப்பொறி வரிசை 1, 3, 4, 2.

முதல் கிளப்பல்

சம்புக்கு 6 லீற்றர் ஒயிலும், பில்டருக்கு மேலும் 0.85 லீற்றரும் தேவை. தண்ணீர்ச்சட்டைக்குக் கிணற்று நீரைத் தவிர்த்து, பற்றரிக்கு விடும் வடித்த நீருடன் கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். பிளக்குகளின்றி ஸ்ரார்ட்டரால் சுற்றி, ஒயில் அமுக்கம் குறைவதைக் காட்டும் விளக்கு அணைந்த பிறகே பிளக்குகளைப் பூட்டிக் கிளப்ப வேண்டும். தொடர்ந்து ஐட்லில் விடாமல் மிதமான வேகத்தில் ஓடவிடுங்கள். சூடான பின் வண்டி மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும்போது ஒயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 35 முதல் 65 றாத்தல் வரை காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. முதல் 500 கிலோமீற்றர் வரை பாரம் ஏற்றாதீர்கள், பிறகு ஒயிலை மாற்றுங்கள்.

இத்தனையும் செய்து முடித்த எஞ்சினைக் கிறவல் வீதிப் புழுதி எதிர்பார்ப்பதைவிட விரைவில் தேய்த்துவிடக் கூடும். இந்த வண்டியின் காற்றுவடி அடியில் ஒயில் நிரப்பிய கிண்ணமுடையது. காற்று அந்த ஒயிலின் மேலாகத் திரும்பிச் செல்லும்போதே புழுதி அதில் பிடிபடும். கிண்ணத்தில் குறித்த கோடுவரை ஒயில் இருக்க வேண்டும், கோடையில் வாரமொருமுறை திறந்து, அடியில் செம்மண் சேறாகப் படிந்திருந்தால் கழுவி மாற்ற வேண்டும். அங்கிருந்து காபுரேட்டருக்குப் போகும் றப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், குழாய் மாறும்வரை வண்டியைக் கொட்டிலிலேயே நிறுத்தி வையுங்கள்.