கடலாழத்தில் நீரழுத்தத்தைக் கணக்கிடுவது எப்படி?

கடல்நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அந்த ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் கிடைத்துவிடும். அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1,025 கிலோகிராம் என்றும் (நன்னீருக்கு 1,000), முடுக்கத்தை 9.8 என்றும், ஆழத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டால் விடை பாஸ்கலில் வரும். கடலின் பரப்பு எவ்வளவு என்பது இக்கணக்கில் நுழைவதே இல்லை.

பத்து மீட்டருக்கு இவ்வாறு பெருக்கினால் 1,00,450 பாஸ்கல் வருகிறது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல் என்பதால், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடுகிறது என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புவதற்காக உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்தை எடுத்துக்கொள்வோம். 1,025 × 9.8 × 6,000 = 6,02,70,000 பாஸ்கல், அதாவது சுமார் 603 பார் (ஒரு பார் என்பது 1,00,000 பாஸ்கல்). மூவரும் அமரும், டைட்டானியக் கலவையாலான அதன் கோளத்தில், விரல் நகமளவான ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது மட்டும் ஏறக்குறைய 615 கிலோ எடை அழுத்துகிறது.

இதனுடன் காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கலத்தின் உள்ளேயும் ஒரு வளிமண்டல அழுத்தமே இருப்பதால், சுவர் தாங்கும் சுமையைக் கணக்கிடும்போது கூட்ட வேண்டியதில்லை. மூச்சடக்கி மூழ்குபவருக்கோ கட்டாயம் கூட்ட வேண்டும்: பத்து மீட்டரில் மொத்த அழுத்தம் இரண்டு வளிமண்டலமாகி நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்குகிறது, ஆனால் இருபதிலிருந்து முப்பது மீட்டருக்கு இறங்கும்போது அது மூன்றில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. முதல் பத்து மீட்டரில்தான் உடல் மிகப் பெரிய மாற்றத்தைச் சந்திக்கிறது.

நீரும் சிறிதளவு அமுங்கும் என்பதால் ஆழம் கூடக்கூட அதன் அடர்த்தியும் கூடுகிறது. 1,025 என்ற ஒரே எண்ணை அடிவரை பயன்படுத்தினால் விடை சற்றுக் குறைவாகவே வரும். கடலியலாளர்களின் சூத்திரப்படி, 30 பாகை அட்சரேகையில் 1,000 பார் அழுத்தம் என்பது ஏறத்தாழ 9,713 மீட்டர் ஆழம். நம் எளிய பெருக்கலோ அங்கே சுமார் 976 பார் என்றே காட்டுகிறது. சில நூறு மீட்டர் வரை இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். ஆழ்கடலில் இறக்கப்படும் பல கருவிகள் அழுத்தத்தை அளந்து அதிலிருந்தே ஆழத்தைக் கணிப்பதால், பத்தாயிரம் மீட்டரை நெருங்கும் ஆழத்தில் இத்திருத்தத்தை விட்டுவிட்டால் ஆழமே இருநூறு மீட்டருக்கு மேல் பிசகிவிடும்.