விமானம் பிறந்த கதையைச் சிறுவர்களுக்குச் செய்துகாட்டும் முறை

விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். அவர்கள் கண்டுபிடித்தது எது என்று கேட்டால் பெரியவர்களே தயங்குவார்கள். அவர்களுக்கு முன்பே ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால், எஞ்சின் இல்லாத கிளைடர்களில் பல நூறு முறை குன்றுகளிலிருந்து மிதந்து இறங்கியிருந்தார். எஞ்சினும் அப்போது புதிய பொருள் அன்று. காற்றில் நிலைகுலையும் பொறியை உடனுக்குடன் நிமிர்த்தும் வழிதான் எவரிடமும் இல்லை. 1896-இல் லிலியந்தாலின் கிளைடர் நிலைகுலைந்து விழ, அவர் உயிரிழந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது நிமிர்த்தும் வழியையே மையமாக வைத்துக்கொள்ளுங்கள். காலியான பற்பசைப் பெட்டி, சில வெள்ளைத் தாள்கள், காகிதக் கிளிப், அட்டைத் துண்டு, மேசை விசிறி, அளவு நாடா ஆகியவை போதும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் வில்பர், ஓர்வில் இருவரும் சைக்கிள் கடை நடத்தியதிலிருந்து தொடங்குங்கள். சைக்கிள் தானாக நிற்காது, ஓட்டுபவர்தான் நொடிக்கு நொடி அதை நிமிர்த்துகிறார் என்பது சைக்கிள் பழகிய பிள்ளைகளுக்குத் தெரியும். வானில் செல்லும் பொறியும் அப்படியே இருக்கலாம் என்று சகோதரர்கள் எண்ணினார்கள். தானாகவே சாயாமல் நிற்கும் பொறியைப் பலர் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இது துணிச்சலான எண்ணம்.

அடுத்து பற்பசைப் பெட்டியை எடுத்து, அதன் இரு முனைகளிலும் உள்ள மூடிகளை வெட்டிவிடுங்கள். பெட்டியைப் படுக்கையாகப் பிடித்து, மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு இறக்கைகளாக எண்ணச் சொல்லுங்கள். இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் மெல்ல முறுக்கினால், ஒரு முனையில் இறக்கையின் முன்விளிம்பு மேலே எழும், மறுமுனையில் கீழே தாழும். 1899 ஜூலையில் கடைக்கு வந்த ஒருவரிடம் பேசிக்கொண்டே, சைக்கிள் டியூப் வைத்திருந்த அட்டைப் பெட்டியை வில்பர் இப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தார். முன்விளிம்பு எழுந்த பக்கத்தைக் காற்று கூடுதலாக மேலே தள்ளும் என்பதால், சாய்ந்த பொறியை இறக்கையை முறுக்கியே நிமிர்த்திவிடலாம் என்று அவருக்கு விளங்கியது. ஐந்து அடி அகலப் பட்டம் ஒன்றைக் கட்டி அந்தக் கோடையிலேயே சோதித்தும் பார்த்தார். பெட்டியை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் முறுக்கிப் பார்க்கட்டும். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்.

இனி, கூர்மூக்குக் காகித விமானம் ஒன்றை மடித்து, மூக்கில் கிளிப்பைச் செருகுங்கள். ஒவ்வோர் இறக்கையின் பின்விளிம்பிலும் இரு சிறு வெட்டுகள் போட்டு, இரண்டு சென்டிமீட்டர் அகல மடிப்பு உண்டாக்குங்கள். வலப்பக்க மடிப்பை மேலேயும் இடப்பக்க மடிப்பைக் கீழேயும் வளைத்து வீசினால் விமானம் வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். இரண்டையும் சற்றே மேலே வளைத்தால் மூக்கு உயரும். அளவுக்கு மீறி வளைத்தால் மூக்கு செங்குத்தாக எழுந்து, வேகம் குறைந்து, தொப்பென்று விழும். 1903 டிசம்பர் 14 அன்று, எஞ்சின் பொருத்திய பொறியில் பறக்கும் முதல் வாய்ப்பை நாணயம் சுண்டிப் பெற்ற வில்பருக்கு நேர்ந்ததும் இதுவே. மூக்கை ஏற்றி இறக்கும் தகடு அவர்களுடைய பொறியில் முன்னால் இருந்தது. இன்றைய பயணி விமானங்களில் அது வாலில் இருக்கிறது.

விசிறிச் சோதனையைச் சுருக்கமாக முடிக்கலாம். அட்டைத் துண்டின் ஒரு விளிம்பை விசிறிக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்து, முன்விளிம்பைச் சிறிது உயர்த்தினால் அட்டை மேலெழும். மிகவும் உயர்த்தினால் பின்னோக்கியே தள்ளப்படும். 1901-இல் தங்கள் கிளைடர் எதிர்பார்த்த அளவு மேலெழாததால் ஏமாந்த சகோதரர்கள், ஆறு அடி நீள மரப்பெட்டியில் விசிறி பொருத்திக் காற்றுச் சுரங்கம் அமைத்து, ஏறத்தாழ இருநூறு சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். இறக்கையின் மேலே செல்லும் காற்று கீழே செல்லும் காற்றோடு சேர்வதற்காக விரைகிறது என்று சில புத்தகங்கள் கூறும் விளக்கம் தவறானது, அதைச் சொல்லாதீர்கள். இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது என்பதே இந்த வயதுக்குப் போதும்.

எஞ்சினைப் பற்றி இரண்டு வரி சொன்னால் போதும். கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் 12 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைச் செய்து கொடுத்தார். அதன் விசையைச் சைக்கிளில் உள்ளதைப் போன்ற சங்கிலிகள் இரண்டு உந்துவிசிறிகளுக்குக் கொண்டு சென்றன.

இறுதியாக மைதானத்துக்குச் சென்று 120 அடி, அதாவது சுமார் 36.5 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் கோடு போடுங்கள். வட கரோலினாவின் கிட்டி ஹாக் அருகே, 1903 டிசம்பர் 17 அன்று ஓர்வில் 12 நொடிகளில் கடந்த தொலைவு இவ்வளவுதான். அதே தொலைவைப் பிள்ளைகளை ஓடச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் விமானத்தை வென்றுவிடுவார்கள். அவர்கள் சிரித்து முடித்ததும், அன்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எதிர்க்காற்று வீசியதையும், தரையில் மெதுவாகத் தெரிந்த பொறி காற்றைக் கிழித்துக்கொண்டு விரைவாகவே சென்றதையும் விளக்குங்கள். அன்றைய நான்காவது பறப்பில் வில்பர் 59 நொடிகளில் 852 அடி பறந்தார். சற்று நேரத்தில் பலத்த காற்று பொறியைப் புரட்டிப்போட்டுச் சேதப்படுத்திவிட, அது மறுபடி பறக்கவே இல்லை. சகோதரர்கள் புதிய பொறிகளைக் கட்டி, டேட்டனுக்கு அருகிலிருந்த மேய்ச்சல் நிலமொன்றில் பழகினார்கள். 1905 அக்டோபர் 5 அன்று வில்பர் அந்த நிலத்தையே சுற்றிச் சுற்றி, 39 நிமிடங்களில் 24 மைல் பறந்தார்.