தரைத்தள பிளானை முடிவு செய்யும் முன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் ஹால் எத்தனை அடி என்றுதான் அதிகம் பேசுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீரை. நம் மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. அதனால் போர் தண்ணீருக்கு ஒரு தொட்டி, ஒகேனக்கல் தண்ணீருக்குத் தனியாக ஒரு சின்ன சம்ப் (தரைக்கு அடியில் கட்டும் தொட்டி) என்று பிளானிலேயே போட்டுவிடுங்கள். குடிநீர் லைன் தனியாகவே சமையலறை சிங்க் வரை வரட்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு யோசித்தால் உடைக்கத்தான் வேண்டும். சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் எதிரெதிர் மூலைகளுக்குத் தள்ளுங்கள்.

அப்புறம், கீழே கண்டிப்பாக ஒரு படுக்கையறை, அதை ஒட்டியே பாத்ரூம். பாத்ரூம் கதவுக்கு இரண்டரை அடிதான் வழக்கம். 3 அடி கொடுங்கள், சக்கர நாற்காலி நுழையும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே பெரியவர் யாராவது விழுந்துவிட்டாலும் திறந்துவிடலாம். அங்கே தரைக்குப் பளபளக்கும் கிரானைட் (ஊரிலேயே கிடைக்கிறதே என்று ஆசை வரும்!) வேண்டாம், ஈரம் பட்டால் வழுக்கும்.

மாடிப்படியை வாசல் பக்கம் வெளியே வைத்தால் மேல் போர்ஷனைப் பின்னால் வாடகைக்கு விடலாம். படிக்குக் கீழே கழிப்பறையைத் திணிக்காதீர்கள், தலை இடிக்கும். அந்த இடம் இன்வெர்ட்டருக்குச் சரி, காற்றோட்டம் மட்டும் விடுங்கள்.