கிருஷ்ணகிரியில் ஒரு நாள்: கோட்டை, களி, ஒரு கையெழுத்து, நடுகல்

வெளிநாட்டிலிருந்து சொந்த ஊர் பார்க்க வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை பார்த்து வராதீர்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

மலைக்கோட்டைக்குக் காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்கிவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும், மேலே எதுவும் கிடைக்காது. வெயில் ஏறினால் பாறை சுடும். மழை பெய்திருந்தால் வழுக்கும். 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, இரவோடு இரவாக அடிவாரப் பேட்டையைப் பிடித்தது, மேல்கோட்டையில் மட்டும் தோற்றுத் திரும்பியது. அந்தச் செங்குத்தைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். இந்த வட்டாரத்தின் இன்னொரு மலைக்கோட்டையான இராயக்கோட்டை அதே ஆண்டு ஜூலையிலேயே விழுந்திருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாராமகால் என்ற இந்தச் சீமை திப்பு சுல்தானின் கையைவிட்டுப் போயிற்று. இரண்டு கோட்டையையும் ஒரே நாளில் ஏற வேண்டாம், முழங்கால் தாங்காது.

மதியம் உறவுக்காரர் வீட்டில் கேழ்வரகுக் களி. ஓரத்தில் கிள்ளி, நடுவில் குழி செய்து, கீரைக் கடைசலில் தோய்த்து அப்படியே விழுங்குங்கள். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் போய்விடும். சூடு ஆறுவதற்குள் முடிக்க வேண்டும்.

இலையை எடுப்பதற்குள் பத்திரம் வந்துவிடும். "சித்தப்பா பாகத்துக்கு ஒரு கையெழுத்து, மதியமே டோக்கன் போட்டாச்சு" என்பார்கள். அன்று போடாதீர்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது, பதிவானால் உங்கள் பாகம் போனதுதான். பிறகு அதை மாற்ற நீதிமன்றம்தான் வழி. முதலில் சர்வே எண், உட்பிரிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பட்டாவும் சிட்டாவும் இணையத்திலேயே பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் முன்பு பதிவான விற்பனை, அடமான விவரம், போட்டுப் பார்த்து, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையும் நிலத்தோடு பொருந்துகிறதா என்று நேரில் நடந்து பாருங்கள்.

பெரும்பாலும் பெயரில்தான் சிக்கும். பட்டாவில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி வைத்திருக்காவிட்டால், சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சில் மாலை வரை உட்கார வேண்டியிருக்கும். அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகளும் வேண்டும். விமான டிக்கெட் தேதி நெருங்குகிறதே என்று அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாழும் நாட்டுக்குத் திரும்பி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பவரை யார் பெயருக்கு எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

கேட்பவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். நீங்கள் இல்லாத இருபது வருஷமும் கிணறு தூர்வாரியவர், உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர் அவர். கொடுப்பதென்றால் மனமறிந்து கொடுங்கள், பத்திரத்தைப் படித்துவிட்டு.

நான்கு மணிக்கு மேல் வயல்வெளி நடுகற்களுக்குப் போங்கள். சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் கல்லில் பொறித்த வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து எடுப்பாகத் தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தின் மேல் தேய்க்கக் கூடாது, பொறிப்பு கெட்டுவிடும். அதில் வரும் 'தொறு' என்றால் மாட்டுமந்தை, 'பட்டான்' என்றால் இறந்தான். ஊர் மாட்டைப் போகவிடாமல் நின்று செத்தவனுக்கு ஊர் வைத்த கல் அது. பல இடங்களில் வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் நாட்டின் பெயரைச் சொல்லாதீர்கள், தாத்தா ஊரைச் சொல்லுங்கள்.